200 வந்தால் போதுமா? பூ மார்க்கெட்டுக்கு ஏபிஐ எழுதியதில் கற்றவை

ஏபிஐ என்பது ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்கவும் கொடுக்கவும் வைத்திருக்கும் வாசல். அதைச் சோதிக்கும் கருவியான போஸ்ட்மேனில் 'சரி' என்று பொருள்படும் 200 பச்சையாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. மதுரையில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை கேட்டு வரும் பிள்ளைகளின் பயோடேட்டாவில் 'போஸ்ட்மேன் தெரியும்' என்ற வரி தவறாமல் இருக்கும். என்ன தெரியும் என்று கேட்டால், யூஆர்எல் போட்டு, செண்ட் அழுத்தி, கீழே பதிலாக வரும் ஜேசானை (தகவலை எழுதும் ஓர் எழுத்து வடிவம்) பார்ப்போம் என்பார்கள். தப்பில்லை, எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறோம். ஆனால் என்ன பெயர், என்ன நேரம், என்ன எடை போட்டு அனுப்பிப் பார்த்தீர்கள் என்று அடுத்த கேள்வி போட்டால் 'டெஸ்ட்', 'ஏபிசி', 'ஜான்', 100 என்றுதான் பதில் வரும். நான் சொல்ல வருவது அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றி. கருவி எதுவாகவும் இருக்கட்டும். அதற்குள் போடுகிற சரக்கு நம் ஊர்ச் சரக்காக இல்லையென்றால் சோதனை செய்தும் செய்யாத மாதிரிதான்.

நாங்கள் சின்னக் குழு. மாட்டுத்தாவணி மலர் வளாகத்தில் இருக்கும் கமிஷன் கடைகள் சிலவற்றுக்குக் கணக்கு மென்பொருள் செய்து தருகிறோம். சம்சாரி (விவசாயி) பூவைக் கொண்டுவந்து போடுவார். எடை போட்டு, அன்றைய விலைக்கு விற்று, கமிஷன் கழித்து, சிட்டை கொடுத்து, பணத்தை அன்றே தருவதோ வாரக்கணக்கில் தருவதோ கடைக்காரர் வேலை. மல்லிகை, பிச்சி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி, அரளி என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை. அதுவும் ஒரே காலையில் மூன்று தரம் மாறும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் தெரியும். அதே மல்லி சாதாரண நாளில் கிலோ சில நூறுக்கும் முகூர்த்த நாளில் ஆயிரங்களுக்கும் போகும் என்பது மார்க்கெட்டுக்குள் போனவர்களுக்குத்தான் உறைக்கும். இதையெல்லாம் சுமக்கும் ஏபிஐ என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை: வரவு, விலை, சிட்டை, பட்டுவாடா, எஸ்எம்எஸ். எங்களுக்கு முன்னால் வேறு ஒருவர் எழுதி விட்டுப்போன சர்வர் அது. அதைக் கையில் வாங்கியபின்தான் சோதனையைப் பற்றி ஒழுங்காக யோசிக்க ஆரம்பித்தோம்.

கருவிகள்: எதை எதற்கு

போஸ்ட்மேன் 2012இல் குரோம் எக்ஸ்டென்ஷனாகப் பிறந்தது. பெங்களூருக்காரர்கள் தொடங்கிய கம்பெனி. இன்று தலைமையகம் சான் ஃபிரான்சிஸ்கோ. அதில் எனக்கு இன்றும் பிடித்தது என்விரான்மென்ட் வசதி. லோக்கல், சோதனை சர்வர், நிஜ சர்வர் என்று மூன்றுக்கும் ஒரே ரிக்வெஸ்ட். யூஆர்எல்லும் டோக்கனும் (அனுமதிச் சாவி) மட்டும் மாறும். ரெஸ்பான்ஸ் வந்ததும் ஓடும்படி நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதி, 'எடை கிராமில் வந்ததா, சிட்டை எண் இருக்கிறதா' என்று தானாகப் பார்க்க வைக்கலாம். இந்த நாலு வரியை எழுதுகிறவரைதான் நான் 'போஸ்ட்மேன் தெரிந்தவர்' என்பேன்.

பிறகு எங்கள் ரிக்வெஸ்ட்களில் பெரும்பகுதியைப் புரூனோ என்ற இன்னொரு கருவிக்கு மாற்றினோம். காரணம் எளிது. புரூனோ ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டையும் வெறும் எழுத்துக்கோப்பாக வட்டில் வைக்கிறது. அந்தக் கோப்புறையை நிரலோடு சேர்த்தே கிட்டில் (நிரல் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவி) போட்டுவிடலாம். யாராவது வரவு ஏபிஐயில் ஒரு புலத்தை மாற்றினால், நிரல் மாற்றமும் சோதனை மாற்றமும் ஒரே ரிவ்யூவில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்டர்நெட் போனாலும் வேலை நிற்காது என்பது கூடுதல் லாபம். ஹாப்ஸ்காட்ச் (முதலில் அதற்குப் போஸ்ட்வுமன் என்று பெயர்) பிரவுசரிலேயே ஓடும். வேறொருவர் கணினியில் உட்கார்ந்து சட்டென்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் நல்லது. இன்சோம்னியா பழகியவர்களுக்கு அதுவே போதும். இவற்றுக்குள் எது உசத்தி என்று வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை.

கட்டளை வரியிலிருந்து ரிக்வெஸ்ட் அனுப்பும் கர்ல் மட்டும் வேறு ரகம். சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க், ஐஆர்சி அரட்டையில் ஓடிய ஒரு தானியங்கி நிரலுக்கு (பாட்) நாணய மாற்று விகிதம் எடுத்துத் தருவதற்காகக் கையில் எடுத்து வளர்த்த சின்ன நிரல் அது. 1998இல் இந்தப் பெயர் வந்தது. இன்றைக்கு எந்த சர்வருக்குள் நுழைந்தாலும் அனேகமாக கர்ல் இருக்கும். கடையில் ஏதோ வரவில்லை என்று போன் வந்தால் நான் முதலில் செய்வது இதுதான். பிரவுசரின் நெட்வொர்க் பட்டியலைத் திறந்து, சிவப்பாக நிற்கும் ரிக்வெஸ்ட்டில் வலது கிளிக் செய்து, 'காப்பி ஆஸ் கர்ல்' எடுத்து, டெர்மினலில் ஒட்டி, மைனஸ் வி சேர்த்து ஓட்டுவேன். போன ஹெடர் (ரிக்வெஸ்ட்டின் தலைக்குறிப்பு), வந்த ஹெடர், சான்றிதழ், எந்த ஐபிக்குப் போனது எல்லாம் வரிசையாகக் கொட்டும். பாதி நேரம் விடை அங்கேயே இருக்கும்.

குழுவுக்குள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். 'அண்ணே, ஏபிஐ ஓடல' என்று ஸ்கிரீன்ஷாட் போட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டோம். கர்ல் கட்டளையாகப் போட வேண்டும், டோக்கனை அழித்துவிட்டுப் போட வேண்டும். படத்தை யாரும் ஓட்டிப் பார்க்க முடியாது.

விண்டோஸ் மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு மூன்று சங்கதி. பழைய பவர்ஷெல்லில் கர்ல் என்று அடித்தால் ஓடுவது நிஜ கர்ல் கிடையாது, மைக்ரோசாஃப்ட்டின் வேறொரு கட்டளை. கோப்பின் முழுப்பெயரான கர்ல் டாட் இஎக்ஸ்இ என்று அடித்தால்தான் அசல் வரும். இரண்டாவது, இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகள் ஜேசானை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்திருக்கும். சிஎம்டி அதை மதிக்காது. மூன்றாவதுதான் முக்கியம்: கட்டளை வரியிலேயே தமிழை அடித்து அனுப்பினால், போய்ச் சேரும்போது கேள்விக்குறிகளாகச் சேரலாம். சர்வரைத் திட்டுவதற்கு முன், ஜேசானை எல்லா மொழி எழுத்தும் அடங்கும் யுடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்து, டேட்டா பைனரி என்ற தெரிவோடு அந்தக் கோப்பை அனுப்பிப் பாருங்கள். இப்போதும் கேள்விக்குறி வந்தால் சர்வரைத் திட்டலாம்.

விடிவதற்கு முன் ஒரு தேதி

பூ மார்க்கெட் விடியும் முன்பே சூடுபிடித்துவிடும். பெரும்பாலான மென்பொருள்கள் ஆபீஸ் நேரத்தில் வேலை செய்பவர்களை நினைத்து எழுதப்படுகின்றன என்பது அங்கே போனால்தான் தெரியும்.

கடைக்காரர் ஒருவர் போன் செய்தார்.

"தம்பி, இன்னைக்குப் பூவு நேத்துக் கணக்குல ஏறிருக்கு."

"எல்லாப் பூவுமாண்ணே?"

"இல்லப்பா. விடியக்காலம் போட்டது பூரா நேத்துல கெடக்கு. வெளிச்சம் வந்தபெறகு போட்டது மட்டும் இன்னைக்குல இருக்கு."

இவ்வளவு துல்லியமான பக் ரிப்போர்ட்டை எந்தக் கம்பெனியிலும் நான் பார்த்ததில்லை. நம் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. 15ஆம் தேதி அதிகாலை 3:40க்குப் போட்ட வரவு, யுடிசியில் 14ஆம் தேதி இரவு 10:10. சர்வர் யுடிசியில் ஓடுகிறது. தேதியை அந்த நேரத்திலிருந்து வெட்டி எடுத்து அறிக்கை தயாரிக்கிறது. காலை 5:30 வரை போட்ட அத்தனையும் முந்தின நாளில் விழும். ஜவுளிக்கடைக்கு இதே மென்பொருளைக் கொடுத்திருந்தால் பத்து வருஷமானாலும் இந்தப் பக் வெளியே வந்திருக்காது.

சரிசெய்யும்போது தெரிந்தது, நேர மண்டலத்தை மாற்றினால் மட்டும் தீராது என்பது. நள்ளிரவு தாண்டிவிட்டால் அடுத்த நாள் என்பது கடிகாரத்தின் கணக்கு. மார்க்கெட்டின் கணக்கு வேறு. இரவு 11 மணிக்கு வெளியூரிலிருந்து வந்து இறங்கும் மூட்டை மறுநாள் வியாபாரத்துக்குத்தான். அதனால் 'பதிவான நேரம்' ஒரு புலமாகவும், 'வியாபார நாள்' இன்னொரு புலமாகவும் பிரித்தோம். முதலாவதை +05:30 என்ற குறிப்போடு முழுசாகச் சேமிக்கிறோம். இரண்டாவது கடைக்குக் கடை மாறும் ஓர் அமைப்பு: எத்தனை மணிக்குப் புது நாள் தொடங்குகிறது என்று கடைக்காரரே சொல்லிவிடுவார்.

இதைச் சோதிக்கும் முறைக்கு வருகிறேன். புரூனோ கோப்புறையில் 'நேரம்' என்று தனி அடைவு. இரவு 11:05, நள்ளிரவு 12:00, அதிகாலை 3:40, 5:29, 5:30, பிறகு மாதக் கடைசி, மார்ச் 31, டிசம்பர் 31. ஒவ்வொன்றுக்கும் வரவு ஒன்று போட்டு, பின் அறிக்கை ஏபிஐயைக் கூப்பிட்டு, எந்த நாளில் விழுந்தது என்று பார்க்கும். சோதனைக்காக யாரும் அதிகாலை எழுந்து உட்கார முடியாது. ஆகவே சர்வர் நேரத்தை நேரடியாகக் கணினியிடம் கேட்காமல் ஒரு ஃபங்ஷன் வழியாகக் கேட்கும்படி எழுதினோம். சோதனைச் சூழலில் மட்டும் ஒரு ஹெடரில் போலி நேரம் கொடுக்கலாம். நிஜ சர்வரில் அந்த ஹெடர் வேலை செய்யக்கூடாது என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. அதை மறந்தால் யார் வேண்டுமானாலும் போன மாசத்துக் கணக்கில் பூ போடலாம்.

இன்னொன்று. உங்கள் மடிக்கணினி இந்திய நேரத்தில் ஓடும். சோதனையைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் போன்ற இடத்தில் அது யுடிசியில் ஓடும். ஒன்றில் தேறி இன்னொன்றில் தவறும் சோதனை இருந்தால் எரிச்சல்படாதீர்கள், அது இலவசமாகக் கிடைத்த துப்பு. நாங்கள் வேண்டுமென்றே இரண்டு மண்டலத்திலும் ஓட்டுகிறோம்.

பெயரும் எழுத்தும்

சம்சாரிகள் பெயர் தமிழில்தான் சிட்டையில் வர வேண்டும் என்பது கடைக்காரர்களின் முதல் நிபந்தனை. கையில் வந்த சர்வரிலோ பெயர்ப் புலத்துக்கு அதிகபட்சம் 10 எழுத்து என்று ஒரு கட்டுப்பாடு, கூடவே 'கடைசிப் பெயர் கட்டாயம்'. யாரோ எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய விதி. செக்கானூரணிப் பாண்டிக்கும் வாடிப்பட்டிப் பாண்டிக்கும் கடைசிப் பெயர் எங்கிருந்து வரும்? ஊரும் இனிஷியலும்தான் இங்கே அடையாளம். கட்டாயத்தை எடுத்துவிட்டு, ஊரைத் தனிப் புலமாக்கினோம்.

பத்து எழுத்துக் கட்டுப்பாடு வேடிக்கையானது. 'பெரியகருப்பன்' நம் கணக்கில் எட்டு எழுத்து. எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் யூனிகோடு கணக்கில் கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் தனித்தனி, மொத்தம் 13. பைட்டில் எண்ணினால், யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 39. ஏபிஐ என்ன வாங்கும், என்ன தரும் என்று எழுதிவைக்கும் ஓப்பன்ஏபிஐ விவரக்குறிப்பில் அதிகபட்ச நீளம் என்று எழுதினால் அது எண்ணுவது அந்த 13ஐ. டேட்டாபேஸ் எதை எண்ணும் என்பது நீங்கள் வைத்திருக்கும் டேட்டாபேஸைப் பொறுத்தது. ஆகையால் 'பாண்டி' சேரும், பெரியகருப்பனுக்கு 400 (அனுப்பியது தவறு) என்ற பிழை வரும். 'ஏபிசி' போட்டுச் சோதித்தவருக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்?

ரெகுலர் எக்ஸ்பிரஷனிலும் (எழுத்துகளின் வடிவத்தைச் சரிபார்க்கும் சூத்திரம்) ஒரு பொறி. எண்ணும் குறியும் பெயரில் வரக்கூடாது என்பதற்காக 'எந்த மொழியின் எழுத்தானாலும் சரி' என்ற யூனிகோடு வகுப்பைப் போடுவார்கள். பார்க்க நியாயமாக இருக்கும். 'ம' தேறும், 'மா' தேறாது. ஏனென்றால் துணைக்காலும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து வகையில் வராமல் குறி வகையில் வருகின்றன. இரண்டு வகுப்பையும் சேர்த்தால்தான் தமிழ்ப் பெயர் உள்ளே நுழையும்.

தேடலில் வந்த சிக்கல் இதைவிட நுணுக்கம். 'கோச்சடை' என்று தேடினால் சிலர் பெயர் வருகிறது, அதே ஊர்க்காரர் சிலர் வருவதில்லை. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றே. உள்ளே பார்த்தால் ஒன்றில் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும், மற்றதில் இரட்டைக்கொம்பும் துணைக்காலும் என இரண்டு குறியீடாகவும் இருந்தது. வேறு வேறு கீபோர்டுகள், பழைய எக்செல் கோப்பிலிருந்து மாற்றியவை என்று இது நடக்கும். சர்வருக்குள் நுழையும்போதே எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது. சோதனை: பிரிந்த வடிவத்தில் சேர், ஒட்டிய வடிவத்தில் தேடு, கிடைக்க வேண்டும். மறுபடி தலைகீழாக ஒரு முறை. தேடல் சொல் யூஆர்எல்லில் போவதால் கர்லில் அதைக் கையால் ஒட்டாதீர்கள். டேட்டா யூஆர்எல்என்கோட் தெரிவை கெட் ரிக்வெஸ்ட்டோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள், குறிமாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

எஸ்எம்எஸ் பற்றி ஒரே வரி: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70, அதற்கு மேல் போனால் துண்டு ஒன்றுக்கு 67. சம்சாரியின் பெயர் நீளமாக இருந்தால் ஒரு செய்திக் காசு இரண்டாகும். எனவே நீளமான பெயரைப் போட்டுச் செய்தி நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு சோதனை வைத்திருக்கிறோம். அது செலவைக் காப்பாற்றுகிறது.

பழைய நோட்டு

எங்கள் சோதனைகளிலேயே உருப்படியானது எந்தக் கருவியிலிருந்தும் வரவில்லை, கடைக்காரரின் பழைய நோட்டிலிருந்து வந்தது. மென்பொருளுக்கு முந்தைய காலத்துக் கைக்கணக்கு. முகூர்த்தம் உள்ள வாரம் ஒன்றையும் சாதாரண வாரம் ஒன்றையும் எடுத்து, வரவு, எடை, விலை, கமிஷன், கொடுத்த தொகை எல்லாவற்றையும் ஒரு சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) ஏற்றினோம். பெயரையும் போன் நம்பரையும் மாற்றிவிட்டோம். நிஜ ஆட்களின் விவரம் சோதனைக் கோப்பில் இருக்கவே கூடாது. பிறகு ஒவ்வொரு வரியையும் ஏபிஐக்கு அனுப்பி, சர்வர் சொல்லும் தொகையும் நோட்டில் உள்ள தொகையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தோம்.

ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் ஒரு ரூபாய்க்குள்தான். சர்வர் ஃப்ளோட் என்ற மிதவைப்புள்ளி எண்ணில் பெருக்கிக் கொண்டிருந்தது, 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3க்கு மேல் ஒரு வால் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பிரபலமான சங்கடம். எடையைக் கிராமாகவும் பணத்தைப் பைசாவாகவும் முழு எண்ணில் வைத்துக்கொண்டதும் வால் போயிற்று. அப்புறமும் சில வரிகள் உதைத்தன. கடைக்காரரிடம் போய்க் கேட்டோம்.

"சில்லறையெல்லாம் யாருப்பா பாக்குறா? சம்சாரிக்குக் குடுக்குறத மேல ரவுண்டா குடுத்துருவோம். கமிஷன்ல கீழ ரவுண்டு."

இந்த விதி எங்கள் விவரக்குறிப்பு எதிலும் இல்லை. நோட்டில் இருந்தது. பக்கத்துக் கடையில் கேட்டால் அங்கே வேறு விதி. ரவுண்டு செய்யும் முறையும் கடை அமைப்பில் ஒரு புலமானது அப்படித்தான்.

சிஎஸ்வி வைத்து ஓட்டப் போஸ்ட்மேனின் கலெக்ஷன் ரன்னர் போதும், கட்டளை வரியில் ஓட்ட நியூமேன் இருக்கிறது, புரூனோவிலும் முடியும். எக்செல்லில் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் கொத்துக்கறியாகிவிடும். அதைத் தேர்ந்தெடுத்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் என்ற குறி ஒன்று சேரும். சில கருவிகள் அதை முதல் பத்தியின் பெயரோடு சேர்த்துப் படித்து, அந்தப் பத்தியே இல்லை என்று அடம்பிடிக்கும். முதல் பத்தி மட்டும் காலியாக வந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

இரண்டு தட்டு, ஒரு வரவு

கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில் போன் சிக்னல் படுத்துவிடும். கணக்குப் பிள்ளை சேமி பொத்தானைத் தட்டுவார், சுற்றிக்கொண்டே இருக்கும், மறுபடி தட்டுவார். முதல் ரிக்வெஸ்ட் சர்வருக்குப் போய்விட்டிருக்கும், பதில்தான் வந்து சேரவில்லை. ஒரு மூட்டைப் பூ இரண்டு வரவாகும். இதற்கு வழி எல்லாருக்கும் தெரிந்ததே: போனிலேயே ஒவ்வொரு வரவுக்கும் ஒரு தனி அடையாளச் சாவி உண்டாக்கி ஹெடரில் அனுப்ப வேண்டும்; அதே சாவி மறுபடி வந்தால் சர்வர் புதிதாக எழுதாமல் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். ஐடெம்பொட்டன்சி கீ என்பார்கள்.

சோதிக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தரம் அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அது தேறிவிடும். ஒரே நொடியில் இணையாக அனுப்ப வேண்டும்; அப்போதுதான் இரண்டு ரிக்வெஸ்ட்டும் 'இந்தச் சாவி இல்லை' என்று பார்த்து இரண்டும் எழுதுவது வெளியே வரும். கர்லிலேயே இணையாக ஓட்டும் தெரிவு உண்டு. கடைசிக் காவல் டேட்டாபேஸில் அந்தச் சாவிக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒன்றே இருமுறை வரக்கூடாது என்ற விதி) போடுவதுதான். அதே சாவியோடு வேறு எடை வந்தால்? 409 (முரண்பாடு) தருகிறோம்.

200, 409 போன்ற ஸ்டேட்டஸ் கோடு பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு புலம்பல். எல்லாவற்றுக்கும் 200 தந்துவிட்டு, உள்ளே ஜேசானில் 'வெற்றி: இல்லை' என்று எழுதும் வழக்கம் நம்மூரில் ஏனோ ஒழிய மாட்டேன் என்கிறது. கண்காணிப்புக் கருவி எல்லாம் சுகம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்; கடையில் ஒரு சிட்டையும் அச்சாகாது.

பணம் வந்த செய்தி

பட்டுவாடா முடிந்ததும் பணப்பரிமாற்ற நிறுவனம் நம் சர்வரைக் கூப்பிட்டுச் சொல்லும், அதுதான் வெப்ஹுக். மடிக்கணினியில் ஓடும் சர்வரை வெளியுலகம் கூப்பிட முடியாது என்பதால் என்கிராக் போன்ற சுரங்கக் கருவியால் தற்காலிக முகவரி ஒன்று வாங்கி சோதிக்கலாம். என்கிராக்கின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் வந்த ரிக்வெஸ்ட்டை அப்படியே பார்க்கலாம், மறுபடி அனுப்பியும் பார்க்கலாம். அந்த மறுபடி அனுப்பும் பொத்தானுக்காகவே அதை வைத்திருக்கிறேன்.

வரும் செய்தி நிஜமானதா என்று பார்க்க ஒரு கையொப்பம் வரும். செய்தியின் உள்ளடக்கம் முழுவதையும் ரகசியச் சாவியோடு சேர்த்து எச்மேக் என்ற சரிபார்ப்புக் குறியைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். எங்களிடம் வந்த நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) சர்வரில், ஃப்ரேம்வொர்க் ஜேசானைப் பிரித்துக் கொடுத்துவிட்டதால் அதை மறுபடி ஜேசானாகக் கட்டிக் கையொப்பம் பார்த்துக்கொண்டிருந்தது. இணையத்தில் பல எடுத்துக்காட்டுகளும் இப்படித்தான் இருக்கின்றன. ஆங்கிலப் பெயருக்கு எல்லாம் தேறும். குறிப்பில் தமிழ்ப் பெயர் இருந்தால் மட்டும் கையொப்பம் தப்பு என்று தள்ளிவிடும். அனுப்புகிறவர் பக்கம் தமிழ் எழுத்துகளைப் பின்சாய்கோடும் எண்ணுமாக மாற்றி அனுப்புகிறது. நம் பக்கம் மறுபடி கட்டும்போது நேரடித் தமிழாக எழுதுகிறது. படிக்க ஒன்று, பைட்டில் வேறு. வந்த பைட்டுகளைத் தொடாமல் அப்படியே வைத்துக் கணக்கிடுவதுதான் சரி. 'ஜான்' போட்டுச் சோதித்திருந்தால் முதல் தமிழ்ப் பெயர் வரும்வரை இது தெரிந்திருக்காது.

ஒப்பந்தமும் சுமையும்

ஓப்பன்ஏபிஐ விவரக்குறிப்பை முதலில் எழுதிவிட்டுத்தான் இப்போது நிரல் எழுதுகிறோம். முன்பு ஸ்வாகர் என்றார்கள். 2015இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின் கீழ் போனபின் பெயர் மாறியது, ஸ்வாகர் என்பது கருவிகளின் பெயராக நின்றுவிட்டது. அந்த விவரக்குறிப்பு இருக்கும் யாமல் கோப்பைப் பிரிசம் என்ற கருவியிடம் கொடுத்தால் போலி சர்வர் ஒன்று எழுந்து நிற்கும். ஆப் எழுதுகிறவர் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் எடுத்துக்காட்டு மதிப்புகளை நீங்களே தமிழில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் போலி சர்வர் 'ஸ்ட்ரிங்' என்று ஒரு சொல்லைத் தரும். ஆப்பில் எல்லாம் அழகாகப் பொருந்தும். நிஜப் பெயர் வந்ததும் பொத்தானுக்கு வெளியே வழியும். ஷீமாதெசிஸ் என்ற கருவி அதே கோப்பைப் படித்து நாம் நினைத்தே பார்க்காத மதிப்புகளை உற்பத்தி செய்து அடிக்கும். எதிர்மறை எடை, வெற்றுப் பெயர், விசித்திரமான குறிகள். முதல் ஓட்டத்திலேயே 500களாக (சர்வருக்குள்ளேயே பிழை) கொட்டும், மனம் தளர வேண்டாம்.

சுமைச் சோதனைக்கு ஜேமீட்டர் பழைய கை, 1998லிருந்து இருக்கிறது. எங்களுக்குக் கே6 என்ற கருவி வசதி, ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதி கிட்டில் வைக்கலாம். நாள் முழுக்கச் சீராகச் சுமை ஏற்றுவதில் இங்கே பொருளில்லை. ஆவணி, தை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விடியலில் விலை ஏபிஐயை எல்லாரும் நொடிக்கு நொடி புதுப்பித்துப் பார்ப்பார்கள். எட்டு மணிக்கு மேல் ஆளே இருக்காது. அந்தச் சரிவை அப்படியே எழுதி ஓட்டுகிறோம். சராசரி நேரத்தைப் பார்க்காதீர்கள், 95ஆவது சதமானத்தை (நூற்றில் 95 ரிக்வெஸ்ட் முடிந்துவிடும் நேரம்) பாருங்கள். போன் செய்து திட்டுபவர் அந்தக் கடைசி ஐந்து சதவீதத்தில்தான் இருப்பார். பணப்பரிமாற்ற நிறுவனத்தின் சோதனைத் தளத்தின் மேல் கே6ஐ ஏவிவிடாதீர்கள், கணக்கை முடக்கிவிடுவார்கள். அதற்கு ஒரு போலி வைத்துக்கொள்ளுங்கள், வயர்மாக் போதும்.

டோக்கனும் கடவுச்சொல்லும் ரிக்வெஸ்ட் கோப்புக்குள் இருக்கக்கூடாது. சூழல் மாறிகளில் வைத்து, அந்தக் கோப்பைக் கிட் இக்னோரில் (கிட் சேர்க்காமல் விட வேண்டியவற்றின் பட்டியல்) சேருங்கள். ஒருமுறை கிட்டுக்குள் போன சாவியை அழிப்பதைவிடப் புதுச் சாவி வாங்குவது சுலபம்.

இப்போது கடைக்காரர்கள் மின்னணுத் தராசை நேரடியாக ஆப்போடு இணைத்துத் தரச் சொல்கிறார்கள். தராசுக்குப் பின்னால் இருப்பது சீரியல் போர்ட், முன்னால் இருப்பது ஈரச்சாக்கு. எடை நிலைபெறும் முன் அது அனுப்பும் ஏற்ற இறக்க எண்களை எல்லாம் பதிவு செய்து கோப்பாக வைக்கத் தொடங்கியிருக்கிறோம். மேலே சொன்ன கருவி எதுவும் அதற்கு உதவவில்லை.